பிரபலம் என்னும் குற்றம்

சென்ற குளிர்காலத்தில் நண்பர்கள் சிலர் குன்னூரில் கூடியிருந்தோம். பேசவேண்டிய நாவல் ஒருபுறம் கிடக்க, பேச்சு வழக்கம்போல் இசைக்குத் தாவியது. ஒருவர் அஸ்தோர் பியாஸோலாவின் ‘லிபர்டாங்கோ’வை ஒலிக்கவிட்டார். இது எல்லோரும் கேட்டுத் தேய்ந்தது, அவருடைய தீவிரமான ஆக்கங்களுக்குப் போகலாம் என்றார் இன்னொருவர். அரைமணி நேரம் கழித்து அதே நண்பர் இளையராஜாவுக்கும் அதே தீர்ப்பை வழங்கினார். ‘ஹவ் டு நேம் இட்?’ கலை, மற்றவை சினிமாப் பாட்டு. அன்று நாங்கள் வாதிட்டுத் தோற்றோம் (அவரை வாதத்தில் வென்றவர் எவருமில்லை). எழுத்தில் முயன்று பார்க்கிறோம்.

1954-இல் பாரிஸுக்கு நதியா பூலாங்ஜேயிடம் பயிலச் சென்ற பியாஸோலா, தாம் டாங்கோ வாசிப்பவர் என்பதை மறைக்கவே விரும்பினார். கட்டுக்கட்டாகச் சிம்பொனிகளையும் சொனாட்டாக்களையும் அவர்முன் வைத்தார். ஆசிரியைக்கு அவற்றில் பியாஸோலா தென்படவில்லை. வற்புறுத்திக் கேட்டபின் வாசித்துக் காட்டிய ஒரு டாங்கோவில்தான் தென்பட்டார். ஊர் திரும்பிய பியாஸோலா 1955-இல் மின்கிதாரையும் சேர்த்து எண்மர் குழுவை அமைத்தபோது, இது டாங்கோவே அல்ல என்று மரபாளர்கள் கொதித்தனர். தந்தையின் மரணத்தையடுத்து 1959-இல் எழுதிய ‘அதியோஸ் நோனினோ’வும், 1974-இல் மிலானில் பதிவான ‘லிபர்டாங்கோ’வும்தான் அவரை உலகெங்கும் கொண்டுசேர்த்தன. அவ்விரண்டில் பின்னதன் அடித்தாளத்தைத் தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக. எட்டு எண்ணிக்கையை மூன்று, மூன்று, இரண்டாக உடைக்கும் இந்த நடை, மிலோங்கா என்னும் பழைய ஆட்டத்திலிருந்து அவர் எடுத்துக் கூர்மையாக்கியது. அவர் செய்த புதுமையின் மையமே இதுதான். தேய்ந்துபோனது என்று நண்பர் ஒதுக்கிய இடத்தில்தான் அது மிகத் தெளிவாகக் கேட்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1986-இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்?’ தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. வி.எஸ். நரசிம்மனின் வயலினுக்காகவே அதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். அதன் மேன்மையில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அதைச் சினிமாவுக்கு எதிராக நிறுத்துவோர், 1988-இல் பாலு மகேந்திரா ‘வீடு’ படத்திற்கு இதே இசையைப் பின்னணியாகக் கொண்டார் என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழுவினர் அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தபோதும், ஒருவழியாக அவர் இசையமைப்பாளராகிவிட்டார் என்னும் தொனி சில பாராட்டுகளில் ஒலித்தது. 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்ததிலிருந்து அவர் செய்துகொண்டிருந்தது என்னவாம்?

ஒரு கிளைச்செய்தி. பியாஸோலாவின் பாண்டோனியன் ஜெர்மனியில் பிறந்து புவெனஸ் அயர்ஸின் மலிவு விடுதிகளில் குடியேறிய துருத்தி வாத்தியம். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு இளையராஜா ஊர் ஊராகச் சென்ற நாட்களில் கூடவந்த ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்த துருத்தி வாத்தியமே. 1940 முதல் முப்பதாண்டுகளுக்கு மேல் அகில இந்திய வானொலி அதை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தது. தெருவில் புழங்கும் வாத்தியம் அரங்கிற்கு ஆகாது என்பது நம் நண்பர் கண்டுபிடித்த கொள்கை அல்ல.

நீலகிரியில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1982-இல் வெளியான ‘மூன்றாம் பிறை’யின் கேத்தி இங்கிருந்து சற்றுத் தொலைவுதான். அப்படத்தின் ‘கண்ணே கலைமானே’, கண்ணதாசன் திரைக்கு எழுதிய கடைசிப் பாடல் என்று சொல்லப்படுவது. தமிழ்ச் சினிமாவின் காமிரா இம்மலையைப் பெரும்பாலும் ஆளற்ற பச்சையாகவே காட்டிவந்திருக்கிறது. தேயிலைச் சரிவில் காதலர்கள் ஓடுவார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் சட்டகத்திற்கு வெளியே நிற்பார்கள். 1964 ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, டான்டீ தோட்டங்களிலும் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களிலும் குடியேறிய மலையகத் தமிழர்கள் அந்தச் சட்டகத்தில் அநேகமாக இல்லை. (பாலு மகேந்திராவே மட்டக்களப்புக்காரர் என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.) படத்தில் இடம் கிடைக்காத அவர்கள் பாட்டில் இடம்பிடித்துக்கொண்டார்கள். லயன் வீடுகளின் வானொலியிலும், தேயிலை மூட்டை ஏற்றும் வண்டியிலும், கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கியிலும் அப்பாடல்கள் ஒலித்தன. சரிவைக் காட்டியவர்கள் அவர்களை விட்டுவிட்டார்கள். தாலாட்டின் எளிய மெட்டும் அதைத் தாங்கும் வயலின்களும் விடவில்லை. ‘ஹவ் டு நேம் இட்?’ இந்த வேலையைச் செய்யவில்லை. செய்யவேண்டும் என்று யாரும் அதனிடம் எதிர்பார்க்கவும் இல்லை.

மறுநாள் மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்தில் ஓட்டுநர் எண்பதுகளின் பாடல்களை வரிசையாக ஒலிக்கவிட்டார். எங்களுக்கு முன்னிருக்கையில் ஓர் அம்மாள், மடியில் உறங்கும் பேரனைத் தட்டியபடி, அடுத்த வரியைப் பாடகருக்கு முன்பே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். தீவிர இசை பேசிய நண்பரும் பக்கத்தில்தான் இருந்தார். பர்லியார் வரை அவர் வாய் திறக்கவில்லை. அவருடைய விரல்கள் மட்டும் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.