கடல் கொண்டவர்களை யார் தேடுவது?

சுனாமி அடித்த 2004 டிசம்பர் 26இல் கல்முனை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கைக்குழந்தையின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அன்றைய பதிவில் 81ஆவது ஆள் என்பதால் இலக்கமே பெயரானது. ஒன்பது தாய்மார் உரிமை கோருவதாக உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. நீதிமன்றம் வரை வந்தது ஒரே தம்பதிதான். அவர்களிடமும் வாய்ச்சொல்லை நம்பிப் பிள்ளையைக் கொடுத்துவிடவில்லை. மரபணுப் பரிசோதனை நடந்தது. 2005 பெப்ரவரி நடுவில் பிள்ளை பெற்றோரிடம் சேர்ந்தது. அரசு மனம் வைத்தால் ஏழெட்டுக் கிழமைக்குள் ஒருவரைச் சந்தேகமறத் திருப்பித் தரலாம் என்பதற்கு அத்தாட்சி நம்மூரிலேயே இருக்கிறது.

அந்த முறை ஒரு பிள்ளையோடு நின்றுபோனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். கரையோர ஊர்களில் மையித்துகள் அவசர அவசரமாகக் கூட்டுக் குழிகளில் அடக்கப்பட்டன. எந்தக் குழியில் யார் என்று குறித்துவைக்க ஆளில்லை. பிறகு 2005ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்து, காணாமல் போனவருக்கு மரணப் பதிவு கொடுக்க வழி செய்தது. வங்கிப் பணம், காணி உறுதி, வாரிசுப் பங்கு எல்லாம் அந்தத் தாளில் தொங்கியதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தாட்சிப் பத்திரம் கொடுப்பது வேறு, தேடுவது வேறு. தேடுவதற்கென்றே 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவானது; மட்டக்களப்பில் அதற்குக் கிளையும் உண்டு. அந்தச் சட்டத்தின் பொருள்கோடல் பிரிவிலோ யுத்தம், அரசியல் குழப்பம், வலிந்து காணாமலாக்கல், கடமையில் தொலைந்த படையினர், பொலிஸார் என்பவைதான் இருக்கின்றன. சுனாமியில் மகளைத் தொலைத்த உம்மாவுக்கு அந்தக் கதவு இல்லை.

கடல் கொண்டுபோனவர்களை இருபது வருஷத்துக்குப் பிறகு தேடி என்ன பயன் என்பார்கள். எல்லோரையும் கடல் கொண்டுபோகவில்லை. பலர் நம் மண்ணிலேயே பெயரில்லாமல் கிடக்கிறார்கள். அதே அலையில் மாண்டவர்களைத் தாய்லாந்து பல்லாலும் கைரேகையாலும் மரபணுவாலும் ஆயிரக்கணக்கில் அடையாளம் கண்டது. அங்கே உல்லாசப் பயணிகளுக்காகப் பணக்கார நாடுகள் வரிசையில் நின்றன என்பது உண்மைதான், ஆனால் பல்லைப் பார்த்துக் குறிப்பதற்குப் பெரிய செலவில்லை. ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாது, கப்றைத் தோண்டக் கூடாது என்பது இன்னும் கனமான ஆட்சேபம். முதல் பாதிக்குப் பதில் எளிது: ஒரு படமும் ஒரு முடிமாதிரியும் எடுக்கச் சில நிமிஷம் போதும், அடக்கம் தள்ளிப்போகாது. அடுத்த பாதிக்கு, 1990 ஜூலையில் கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குப் போன முஸ்லிம்கள் புலிகளால் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்ட குருக்கள்மடத்தைப் பாருங்கள். அங்கே தோண்டுங்கள், முறைப்படி நல்லடக்கம் செய்யத் தாருங்கள் என்று கேட்பவர்களே உறவினர்கள்தான். 2014இல் நீதிமன்றம் உத்தரவிட்டும் வேலை கிடப்பில் போனது.

சுனாமிக் கப்றுகளை இன்றே தோண்டச் சொல்லவில்லை. அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. எலும்பு எப்போது கிடைத்தாலும் அதை ஒப்பிட வாப்பா, உம்மா, உடன்பிறப்பின் மாதிரி வேண்டும். அவர்கள் வயதாகி மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொருள்கோடலில் இயற்கை அனர்த்தத்தையும் சேர்த்து, பிரதேச செயலகம் தோறும் இந்த மாதிரிகளை எடுத்துப் பாதுகாக்கப் புதைகுழி எதையும் தொட வேண்டியதில்லை. குருக்கள்மடத்துக் குடும்பங்களுக்கும் அதே மாதிரிதான் தேவை.