இரு மதில்களுக்கு நடுவே

மூளை, உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் அண்ட முடியாத தனிப் பிரதேசம் என்ற அபிப்பிராயம் வைத்தியக் கல்லூரிகளில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. அதற்கு ஆதாரமாகப் பலரும் காட்டி வந்தது, 1948இல் பீட்டர் மெடவார் முயல்களின் மூளையில் அந்நியத் தோலை ஒட்டவைத்துச் செய்த பரிசோதனை. அந்தத் தோல் நிராகரிக்கப்படாமல் பிழைத்தது உண்மை. ஆனால் அதே முயலின் மார்பிலும் அந்நியத் தோலை ஒட்டி எதிர்ப்புச் சக்தியை முன்னரே எழுப்பிவிட்டால், மூளையிலிருந்த தோலும் அழிந்துபோயிற்று என்று அவரே எழுதியதைப் பிற்காலத்தவர் பெரும்பாலும் மறந்தனர். விழிப்படைந்த செல்களுக்கு மூளையின் வழி அன்றே திறந்துதான் இருந்தது.

அந்த வழி ஒற்றைத் தடையைத் தாண்டும் வழி அன்று என்பதே நம் துறையினர் மனத்தில் இருத்த வேண்டிய விசேஷம். தந்துகிகளை அடுத்த சிறு சிரைகளின் எண்டோதீலியமும் அதன் அடித்தளச் சவ்வும் முதல் மதில். ஆஸ்ட்ரோசைட்டுகளின் பாதங்கள் நெருங்கி நின்று அமைக்கும் எல்லையும் அதன் சவ்வும் இரண்டாம் மதில். இரண்டுக்கும் நடுவே, கோயிற் பிரகாரம் போல, ரத்தக் குழாயைச் சுற்றிய இடைவெளி. 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒளிரும் டி செல்கள் எலியின் தண்டுவடத்து மேற்பரப்புக் குழாய்களுக்குள் பெரும்பாலும் ரத்த ஓட்டத்துக்கு எதிராகவே ஊர்ந்து செல்வதையும், வெளியேறிய பின் குழாயின் புறத்தே உலவி, அங்கே நிற்கும் விழுங்கு செல்கள் உரிய புரதத்தை நீட்டினால் புத்துயிர் பெற்றுத் தாக்கத் தொடங்குவதையும் நுண்ணோக்கியில் நேராகக் கண்டார்கள். அந்தச் சந்திப்பு நிகழாவிடில் முதல் மதிலைத் தாண்டியதனால் மட்டும் பெருந்தீங்கு விளைவதில்லை. சந்திப்பு நிகழ்ந்த பின்னரே எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 ஆகிய நொதிகள் ஆஸ்ட்ரோசைட் பாதங்களைச் சவ்வோடு பிணைக்கும் டிஸ்ட்ரோகிளைக்கானை அறுக்க, இரண்டாம் மதில் நெகிழ்கிறது. இவ்விரு நொதிகளும் இல்லாத எலிகளை, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸின் மாதிரியாக ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கும் நோய் பற்றுவதில்லை.

இதை நினைவில் கொண்டால், எம்.ஆர்.ஐ. படத்தில் காடோலினியம் ஒளிர்வதைக் கண்டு செல்கள் உட்புகுந்துவிட்டன என்றோ, ஒளிராததைக் கண்டு யாவும் அடங்கிவிட்டது என்றோ தீர்மானிப்பது அவசரமான காரியம் என்பது விளங்கும். ஒளிர்வு சொல்வது முதல் மதிலின் கசிவை மட்டுமே. செல்களோ அந்தக் கசிவின்றியே, எண்டோதீலியச் செல்லின் உடலினூடாகவும் கடக்க வல்லவை.

சிகிச்சையின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. ஆல்ஃபா-4 இன்டெக்ரினைத் தடுத்தால் விலங்குகளில் வீக்கம் அடங்குவது 1992இல் அறியப்பட்டது. அதன் வழிவந்த நடாலிஸுமாப் 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்று, ஜே.சி. வைரஸினால் உண்டாகும் பி.எம்.எல். என்னும் கொடிய மூளைத்தொற்று தென்பட்டமையால் 2005 பிப்ரவரியிலேயே நிறுத்தப்பட்டு, 2006இல் கடும் கண்காணிப்புடன் திரும்ப வந்தது. தாக்க வரும் செல்லையும் காவலுக்குச் சுற்றிவரும் செல்லையும் வேறுபடுத்தாமல் ஒரே பிடியில் நிறுத்தியதன் விளைவு அது. மறுமுனையில், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸின் இரண்டாம் கட்டத்தில், படிப்படியாக நலிவு கூடும் நோயாளிகளிடம் அதே மருந்தைப் பரிசோதித்தபோது அது முதன்மை இலக்கை எட்டவில்லை. அதனை வியப்பாகக் கருத நான் காணும் காரணம் ஏதுமில்லை: அந்த ஸ்திதியில் வீக்கத்தின் பெரும்பகுதி மதில்களுக்கு உள்ளேயே, மூளையுறைகளிலும் குழாயிடை வெளிகளிலும், குடிகொண்டுவிடுகிறது, வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதால் உள்ளிருப்பது கலைவதில்லை.

ஆகையால், நுழைவைத் தடுக்கும் மருந்தை எழுதுமுன் ஜே.சி. வைரஸ் எதிர்ப்பொருள் அளவையும், முன்பு உட்கொண்ட எதிர்ப்புச்சக்தி ஒடுக்கும் மருந்துகளையும், சிகிச்சை நீளும் காலத்தையும் நிறுத்துப் பார்ப்பது போலவே, இந்த நோயாளியிடம் செல்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றனவா, முன்பே வந்து தங்கிவிட்டனவா என்ற கேள்வியையும் சக வைத்தியர்கள் எழுப்ப வேண்டுமென்று வற்புறுத்துகிறேன். மறுவீழ்ச்சிகள் நின்று பல ஆண்டுகள் கழிந்தும் நடை தளர்ந்துகொண்டே போகிறவரிடம் அந்தக் கேள்விக்கான விடை பெரும்பாலும் இரண்டாவதாகவே இருக்கும். அவருக்கு வேண்டியது, பிரகாரத்துக்கு உள்ளேயே சென்று செயல்படும் மருந்து.