இரத்தத்தில் ஒன்றுமில்லை என்றால் நெஞ்சிலும் ஒன்றுமில்லையா?

எமது மாதாந்தக் கூட்டங்களுக்கு வரும் சகோதரிகள் பலர் ஒரு பொலித்தீன் பையை எப்போதும் கூடவே வைத்திருப்பார்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்துப் பழக்கம் அது. அடையாள அட்டைப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணாமற்போனவருக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் துண்டு எல்லாம் அதற்குள் இருக்கும். அண்மைக் காலமாக இரத்தப் பரிசோதனை ரிப்போட்டுகளும் அதற்குள் சேர்ந்துவருவதைக் காண்கிறேன். "மிஸ், இதை ஒருக்காப் பாருங்கோ. நெஞ்சுக்கு ஒன்றுமில்லைத்தானே?" என்று நீட்டுவார்கள். பெரும்பாலும் அது சீ.ஆர்.பீ. அல்லது ஈ.எஸ்.ஆர். ரிப்போட்டாகவே இருக்கும்.

நான் சமூகவியல் படித்தவள், வைத்தியர் அல்லள். ஆயினும் இந்தப் பரிசோதனைகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டுமென்று நினைக்கிறேன். காரணம், எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். விடியப்புறம் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவார். இரண்டு வருடமாக இருமல். கிணற்றடியிலிருந்து குடத்தைத் தூக்கினால் குசினி வாசலுக்கு வருமுன் இரண்டு தடவை நிற்க வேண்டும். ஒரே வருடத்தில் ஐந்து தடவை காசு கொடுத்து சீ.ஆர்.பீ. பார்த்திருக்கிறார். ஐந்தும் சாதாரணம். "உங்களுக்கு யோசனைதான் வருத்தம்" என்று வீட்டிலும் சொன்னார்கள், அயலிலும் சொன்னார்கள். கணவனையும் தம்பியையும் போரில் இழந்தவர் என்பதால் அந்தப் பேச்சு எல்லோருக்கும் வசதியாயிருந்தது. கடைசியில் மார்புநோய் கிளினிக்கில் மூச்சை ஊதிப் பார்த்தபோதுதான் சுவாசக் குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கியிருப்பது தெரியவந்தது.

மனக்கவலையாலும் மூச்சு முட்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போரைக் கண்ட பெண் மூச்சு வாங்கினால் உடனே அது மனம்தான் என்று முடிவு கட்டுவது, அவளது நெஞ்சைப் பரிசோதிக்காமல் விடுவதற்கு ஒரு சாட்டாகிவிடக் கூடாது.

உடம்பில் கிருமி தொற்றினாலோ, காயம் பட்டாலோ, புகை போன்ற ஒன்று நாள்தோறும் அரித்தாலோ அந்த இடம் தற்காப்புக்காகப் போராடும். இதையே அழற்சி என்கிறார்கள். அழற்சி பலமாக இருக்கும்போது ஈரல் சில புரதங்களை இரத்தத்தில் கூடுதலாக விடுகிறது. அவற்றில் ஒன்றே சீ.ஆர்.பீ. இதை 1930 ஆம் ஆண்டு நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவனத்தில் ரிலெற், பிரான்சிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டறிந்தது நியூமோனியாக் காய்ச்சல்காரரின் இரத்தத்திலேதான். நுரையீரல் நோயிற் பிறந்த பரிசோதனையாயினும் அது நுரையீரலுக்கு மட்டும் உரியதல்ல. பல்லில் சீழ் கட்டினாலும், மூட்டுவாதம் இருந்தாலும், உடல் பருத்திருந்தாலும்கூட உயரும். ஈ.எஸ்.ஆர். என்பது செங்குருதிக் கலங்கள் ஒரு மணி நேரத்தில் குழாயில் எவ்வளவு தூரம் கீழே படிகின்றன என்ற அளவு. வயது கூடினாலும், கர்ப்பமாயிருந்தாலும், இரத்தச்சோகை இருந்தாலும் அது ஏறும். இரத்தச்சோகை எம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

இவை வளவுக்குள் நிற்கும் நாய் போன்றவை. குரைத்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும். யார், எந்தப் படலையில் என்று தெரியாது. மெல்ல ஊர்ந்து வருவதற்கு அது குரைக்காமலும் விடலாம்.

நாட்பட்ட சுவாசத்தடை நோய் அப்படி ஊர்ந்து வருவதுதான். காற்றை உள்ளே இழுக்கலாம், முழுதாக வெளியே விட முடியாது. சிகரெட், சுருட்டுப் பிடிக்கும் ஆண்களின் வருத்தம் என்று இதை நினைக்கிறோம். விறகுப் புகையும் இதற்கு ஒரு முக்கிய காரணம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவான வீடுகள் விறகிலேயே சமைத்தன. 2022 இல் எரிவாயு இல்லாமற்போனபோது விட்டவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். எமது பெண்களுக்கு இதைவிடவும் கணக்கு உண்டு. தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கின் மண்ணெண்ணெய்ப் புகை, முகாமில் தறப்பாளுக்குள் மூட்டிய அடுப்பு, ஈர விறகு. முன்பு காசநோய் வந்து மாறியவர்களின் நுரையீரலிலும் தழும்பு மிஞ்சியிருக்கலாம்.

இந்நோய் உறுதிசெய்யப்பட்ட 1,755 பேரின் இரத்தத்தில் ஆறு அழற்சிக் குறிகாட்டிகளை அளந்த எக்லிப்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வின் முடிவு 2012 இல் வெளியானது. பத்தில் மூன்று பேருக்கு எந்தக் குறிகாட்டியும் உயர்ந்திருக்கவில்லை. நோய் இருக்கிறது, இரத்தம் பேசாமல் இருக்கிறது. மறுபுறம், ஒரு வருட இடைவெளியில் இரு தடவை அளந்தும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குறிகாட்டிகள் உயர்ந்தே இருந்தவர்களில் 13 வீதமானோர் மூன்று வருடத்துள் இறந்தனர். அழற்சியே காணப்படாதவர்களில் 2 வீதமானோர் இறந்தனர். ஆக, நோயைக் கண்டுபிடிக்க அல்ல, கண்டுபிடித்த பின் அதன் கடுமையை மதிப்பிடவே இரத்தம் உதவுகிறது.

கண்டுபிடிப்பதற்கு ஸ்பைரோமெற்றி என்னும் மூச்சுப் பரிசோதனை வேண்டும். மூக்கைக் கிளிப்பால் பொத்தி, நிறைய மூச்செடுத்து, ஒரு குழாயில் ஒரே மூச்சாக ஊத வேண்டும். ஊசி இல்லை, நோவு இல்லை. ஊதாங்குழலோடு வாழ்ந்தவர்களுக்கு இது பெரிய வித்தையுமல்ல. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து தந்த பின்னரும், முதற் செக்கனில் வெளிவரும் காற்று மொத்தத்தில் 70 வீதத்திற்குக் குறைவாயிருந்தால் தடை உண்டு என்று கொள்வார்கள். "சீ.ஆர்.பீ. எடுக்கவா?" என்று கேட்பதற்குப் பதிலாக "எனக்கு மூச்சு ஊதிப் பார்க்க வேணுமா, டொக்டர்?" என்று கேளுங்கள். எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அடுப்படியில் நிற்கிறீர்கள் என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். சிகரெட் பிடிப்பீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்பவர்கள் உண்டு.

நோய் இருப்பது தெரிந்தவர்களுக்கு இரத்தப் பரிசோதனை வேறு விதத்தில் பயன்படும். திடீரென முட்டுக் கூடும் நாட்களில் அன்ரிபயோற்றிக் தேவையா என்று தீர்மானிக்க சீ.ஆர்.பீ. உதவுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்து 2019 இல் வெளியான ஆய்வொன்றில், வழமையான கவனிப்பில் இருந்தவர்களில் 77 வீதமானோர் அன்ரிபயோற்றிக் எடுத்தனர், சீ.ஆர்.பீ. பார்த்து மருந்து எழுதியபோது அது 57 வீதமாகக் குறைந்தது. அதனால் எவருடைய சுகமும் பின்தங்கவில்லை. லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவென்றால் பெரும்பாலும் அந்த மருந்து தேவையில்லை, 40 க்கு மேலென்றால் பயன் தரும் வாய்ப்பு அதிகம் என்பது அங்கே வைத்தியர்களுக்குக் கொடுத்த வழிகாட்டல். சென்ற முறை மிஞ்சிய குளிசையை நாமாக விழுங்குவதற்கு அதில் இடமில்லை. இன்னொன்று ஈசினோபில் எண்ணிக்கை. அது கூடியிருந்தால் ஸ்ரீரொயிட் கலந்த பம்ப் நன்கு வேலை செய்யக்கூடும். ஆனால் பூச்சி வருத்தத்திலும் அது கூடும் என்பதால் வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஈ.எஸ்.ஆர். உயர்ந்து, இரண்டு கிழமைக்கு மேல் இருமல், மெலிவு, இராக் காய்ச்சல் என்று இருந்தால் சளிப் பரிசோதனையைப் பின்போடாதீர்கள். காசநோய்க்கான மருந்து இலவசம், முழுமையாக மாற்றக்கூடியது.

"பம்ப் பழகினால் விடேலாது" என்ற பேச்சை நம்பி மருந்தை நிறுத்தியவர்கள் திரும்பவும் வார்ட்டுக்கே வருகிறார்கள். புகையைப் பொறுத்தவரை எல்லோரையும் காஸ் வாங்குங்கள் என்று சொல்ல நான் யார்? விறகை நன்றாகக் காயவிட்டு எரியுங்கள். வீட்டுத்திட்டச் சுவர் கறுத்துவிடும் என்று வெளியே கொட்டிலில் சமைப்பவர்கள் செய்வது நெஞ்சுக்கும் நல்லது, கொட்டிலை நாலு பக்கமும் தகரத்தால் அடைக்காதவரை. பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பு ஊத வேண்டாம்.

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாதபடி மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம்பாரித்தாலோ, ஆள் மயங்கிச் சோர்ந்தாலோ ரிப்போட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கம் 1990. அழைப்பும் இலவசம், பயணமும் இலவசம்.