‘மூச்சு முட்டுதா?’ என்று கேட்டால் போதுமா?

தேரிக்காட்டை ஒட்டிய திசையன்விளை வட்டாரத்தில் பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போய்விட, பல வீடுகளைக் காப்பவர்கள் வயதானவர்கள்தான். ராத்திரி போன் வரும். ‘மூச்சு கீச்சு முட்டுதாம்மா?’ ‘அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா, நல்லாத்தான் இருக்கேன்.’ விசாரிப்பு அதோடு முடிந்தது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகம், 2021இல் 13.6 விழுக்காடு என்று மதிப்பிட்டார்கள். இத்தனை பேரின் மூச்சுக்கும் நம் கையில் இருக்கும் அளவுகோல் அந்த ஒற்றைக் கேள்விதான். வயதானவர்களிடம், அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களிடம், அதற்கு வரும் பதிலை நம்பிச் சும்மா இருப்பது ஆபத்து. மூச்சை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூச்சு விடுவது நுரையீரல் என்றாலும் விடச் சொல்வது மூளை. பிடரிக்கு உள்ளே, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் இருக்கும் சிறு நரம்பணுக் கூட்டம்தான் மூச்சுக்குத் தாளம் போடுகிறது; அதை அடையாளம் கண்டதே 1991இல்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் சேதி அனுப்புவது கழுத்துத் தமனியில் அரிசி மணி அளவே உள்ள ஓர் உறுப்பு. இந்த உணர்வு ஏற்பாட்டைக் கண்டுசொன்னதற்காகத்தான் பெல்ஜிய நாட்டு ஹேமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு. ஆனால் மூளை உடனே பதறுவது கரியமில வாயு கூடும்போதுதான். ஆக்சிஜன் குறைவதற்கு அது அவ்வளவு சீக்கிரம் அசைந்துகொடுக்காது. கொரோனா காலத்தில் ஆக்சிஜன் அளவு எண்பதுகளுக்கு இறங்கிய பின்னும் சிலர் கட்டிலில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தது இதனால்தான். உடம்பில் பற்றாக்குறை இருப்பதும் அது மனிதருக்கு உறைப்பதும் வேறு வேறு.

வயது ஏறினால் இந்த இடைவெளி என்ன ஆகும்? 1973இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 64 முதல் 73 வயது வரையுள்ள எட்டுப் பேரையும் இளைஞர்கள் எட்டுப் பேரையும் ஒப்பிட்டது. ஆக்சிஜன் குறைந்தபோதும் கரியமில வாயு கூடியபோதும் முதியவர்களின் மூச்சு இளைஞர்களுடையதைப் போல வேகம் எடுக்கவில்லை. பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வு இது. ஆனால் அதில் இருந்த பதினாறு பேரும் ஆண்கள். பிரான்சில் இருபது ஆண்டுகளாக 4,675 பேரைச் சோதித்து 2012இல் வெளியிட்ட முடிவு வேறு கதை சொன்னது. ஆண்களுக்கு வயது ஏற ஏற ஆக்சிஜன் குறைவுக்கு மூச்சு அதிகமாகவே ஈடுகொடுத்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடமோ அந்த ஈடுகொடுத்தல் குறைவாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை. இரண்டு ஆய்வுகளும் முட்டிக்கொள்கின்றன என்று ஒதுக்கிவிடலாம்தான். எனக்கு அதிலிருந்து தெரிவது வேறு: ஆணா பெண்ணா என்று பார்க்காமல் ‘முதுமை மூச்சை என்ன செய்கிறது’ என்று கேட்பதில் அர்த்தமில்லை.

காரணத்தில் ஒரு பங்கு புரோஜெஸ்டிரோன். கர்ப்பிணிகள் வழக்கத்தைவிட ஆழமாக மூச்சு விடுவது, மூளையை அந்த ஹார்மோன் தூண்டுவதால்தான். மாதவிடாய் நின்றதும் அந்தத் தூண்டுதல் போய்விடுகிறது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், பென்சில்வேனியாவில் 2001இல் வந்த ஆய்வின்படி, மாதவிடாய் நிற்காத பெண்களில் 0.6 விழுக்காடு, நின்று, ஹார்மோன் மாத்திரை எடுக்காதவர்களில் 2.7, ஆண்களில் 3.9. அதாவது ஐம்பதைத் தாண்டிய பெண் ஆணை நெருங்கிவிடுகிறார். ஆனால் இந்த நோயைச் சலித்தெடுக்க உலகமெங்கும் பயன்படும் எட்டுக் கேள்விப் பட்டியலில் ஆணாக இருந்தாலே ஒரு மதிப்பெண். பெண் வந்து சொல்வதோ குறட்டையை அல்ல. அசதி, தலைவலி, தூக்கமின்மை. கடைசியாகச் சொன்னதற்குத் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால், ஏற்கெனவே சோர்ந்திருக்கும் மூச்சு இன்னும் அடங்கும்.

‘இதில் மூளை எங்கே வந்தது? பெண்கள் சொல்லாதது கேட்க ஆளில்லாததால்தானே’ என்று கேட்பார்கள். பாதி உண்மை. தேரிக்காட்டுப் பனைத்தொழிலையே பாருங்கள். பனை ஏறுவது ஆண். கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் ஓலையும் மட்டையும் எரித்து, பதநீர் பாகாகும்வரை துடுப்பால் கிண்டியபடி புகையில் நிற்பது பெண். இருபது முப்பது வருஷம் அப்படி நின்றவர் இருமலை நோய் என்றே எண்ணுவதில்லை. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்தபோதும் சுமார் 2.4 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்ததாக 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆக, சொல்லாமல் விடுவதும் உண்டு, உணராமல் போவதும் உண்டு. இரண்டில் எதுவானாலும் கேள்வி தோற்கிறது; எண்ணிக்கை அவ்வளவு எளிதில் தோற்பதில்லை.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தால் போயிற்று என்பது இன்னொரு வாதம். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கறுத்த தோலில் அது நிஜத்தைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பது 2020 டிசம்பரிலேயே அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளிலிருந்து வெளிவந்துவிட்டது. நகச்சாயமும் குளிர்ந்த விரலும் அதை ஏமாற்றும். மூச்சை எண்ண ஒரு கடிகாரம் போதும். வீட்டுக்கு வரும் சுகாதார ஊழியர்களே எண்ணலாம். ஏற்கெனவே வேலைப் பளு தாங்காத அவர்களுக்கு இது இன்னொரு சுமை என்பது நியாயமான முறையீடுதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவர்கள் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கவே நேரம் பற்றாமல் ஓடுகிறார்கள். ஆனாலும் கூடுதலாகக் கேட்பது ஒரே ஒரு நிமிடம். பிரஷர் பட்டை கையில் இருக்கும்போதே, சொல்லாமல் எண்ண வேண்டும். சொன்னால் மூச்சின் ஓட்டம் மாறிவிடும். அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. முதியவருக்கு நிமோனியா வரும்போது சில சமயம் காய்ச்சலும் இருக்காது, இருமலும் இருக்காது. சாப்பாட்டை ஒதுக்கலாம், பேச்சு தடுமாறலாம், மூச்சு வேகமெடுத்திருக்கலாம். அந்த எண் 25ஐத் தொட்டால், ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று அவர் சொன்னாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.