நமக்கு ஒரு பள்ளி, நம் பிள்ளைக்கு வேறு பள்ளியா?

மேடையிலே முழங்குகிறோம், கல்வி பொதுச்சொத்து என்று. மன்றத்திலே தீர்மானம் நிறைவேற்றுகிறோம், கல்வியைக் கடைச்சரக்கு ஆக்காதே என்று. துண்டறிக்கை வழங்குகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம், தொண்டை வறளப் பேசுகிறோம். கூட்டம் முடிகிறது, பொழுது விடிகிறது. விடிந்ததும் நம் பிள்ளைக்குக் கழுத்துப்பட்டை கட்டி, காலணி மாட்டி, மஞ்சள் வண்டியிலே ஏற்றித் தனியார் பள்ளிக்கு அனுப்பி வைக்கிறோம்! நாம் எழுத்தறிந்த அரசுப் பள்ளியின் வாயிலைக் கடந்துதான் அவ்வண்டி போகிறது.

"அங்கே தரம் இல்லை, தோழரே! என்ன செய்வது?" என்று பெருமூச்சு விடுகிறார் நண்பர். தரம் இல்லையாம்! தரம் என்ன, தானே முளைத்துத் தானே பட்டுப்போகும் காட்டுச்செடியா? வேலி கட்டாதவன், நீர் வார்க்காதவன், காய்க்கவில்லையே என்று கொடியின்மீது வழக்குத் தொடுக்கிறான். விந்தையான வழக்கு!

இப்பள்ளிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. 1920-இலே, தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு வழங்கியது. 1953-இலே, அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்றொரு திட்டம் வந்தது. நாடு கொதித்தது. 1954-இலே, கொண்டுவந்த முதலமைச்சரும் பதவி விட்டுப் போனார், திட்டமும் போயிற்று. காமராசர் ஆட்சியிலே மதிய உணவு வந்தது. 1958 முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலே, உழவனும் நெசவாளியும் தம் ஊர்ப் பள்ளிக்குக் கரும்பலகை தந்தனர், நாற்காலி தந்தனர், இடம் இருந்தவர் இடமும் தந்தனர். கையெழுத்துப் போடத் தெரியாதவன் தந்த பலகையிலே எழுதிப் படித்துத்தான் நம் பாட்டன்மார் பட்டம் பெற்றனர்.

அன்று ஊரார் தந்தது, அரசின் கருவூலம் சிறிது என்பதால். இன்று அதே பெயரைச் சொல்லிக் கொடையாளரைத் தேடி அலைவது வேறு கதை. ஒரு சுவருக்கு வண்ணம் பூசுகிறார். பூசிய சுவரிலே தம் பெயரைத் திருக்குறளைவிடப் பெரிய எழுத்திலே பொறிக்கிறார். பூசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், கொடை உரிமைக்கு ஈடாகாது. வரி கட்டுகிற குடிமகனின் பிள்ளை, வள்ளலின் மனம் குளிரும் நாளுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

நாட்டு வருமானத்திலே நூற்றுக்கு ஆறு பங்கைக் கல்விக்கு ஒதுக்குக என்று 1966-இலே கோத்தாரி குழு எழுதி வைத்தது. 1968-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை அதனை ஏற்றது. 2020-ஆம் ஆண்டுக் கொள்கையும் அதே ஆறு விழுக்காட்டை இலக்கு என்று மீண்டும் எழுதியது! ஐம்பது ஆண்டு கடந்தும் இலக்கு இலக்காகவே இருந்தால், அதற்குப் பெயர் கொள்கையா, கண்துடைப்பா? 1976-இலே நாற்பத்திரண்டாம் திருத்தம், மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டு போயிற்று. அதன் கனியைக் கண்டோம். பி.எம். ஸ்ரீ திட்டத்திலே கையெழுத்திட மறுத்த காரணத்துக்காக, 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வரவேண்டிய ரூ. 2,152 கோடி நிறுத்தி வைக்கப்பட்டது. நம் பெற்றோர் கட்டிய வரி, நம் பிள்ளைக்கு எதிராகவே பிணைப்பொருள் ஆயிற்று!

டில்லியை மட்டும் ஏசிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஐந்து வகுப்பு உள்ள தொடக்கப் பள்ளியை எண்ணிப் பாருங்கள். அறுபது பிள்ளைகள் வரையில் இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. கணக்கிலே சரி: ஆசிரியர் ஒருவருக்கு முப்பது பிள்ளைகள். வகுப்பறையிலே? ஐந்து வகுப்பு, ஆளுக்கு நான்கைந்து பாடம், இருவர் கை. ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் விரல் பிடித்து 'அ' எழுதப் பழக்கும்போது, மூன்றாம் வகுப்புக் குழந்தை கழித்தலிலே கடன் வாங்கத் தெரியாமல் விழிக்கிறது; ஐந்தாம் வகுப்பு தானே படித்துக்கொள்கிறது, அல்லது படிப்பதாகப் பாவனை செய்கிறது. பயிற்சிக்கு ஒருவர் போனால், விவரப் பட்டியலை இணையத்திலே ஏற்ற ஒருவர் அமர்ந்தால், ஐந்து வகுப்பும் ஒரே வகுப்பு! ஆசிரியப் பணியிலே இருக்கிற நாம் இதை அன்றாடம் காண்கிறோம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று ஆகாத வரையில் தரம், தரம் என்று கூவுவது, ஒற்றை மாட்டைப் பூட்டிவிட்டு ஏன் ஏர் கோணுகிறது என்று கேட்பது போலத்தான்.

பிள்ளைகள் குறைந்ததால் ஆசிரியர் குறைந்தனர் என்பார்கள். ஆசிரியர் குறைந்ததால் பிள்ளைகள் குறைந்தனர் என்பதும் உண்மை. இந்தச் சுழலிலே முதலில் விலகி ஓடியவர் யார்? கூலிக்காரரா? இல்லை. மாதச் சம்பளம் வாங்குபவர், மனுவெழுதத் தெரிந்தவர், அதிகாரியின் முன் அமர்ந்து பேசத் துணிந்தவர். அரசுப் பள்ளி ஆசிரியரே தம் பிள்ளையைத் தனியாரிடம் சேர்க்கும் காட்சியும் உண்டு. சமைத்தவர் உண்ணாத சோற்றை ஊரார் எப்படி நம்புவர்? கேட்கத் தெரிந்தவர் வெளியேறினர். கேட்க அஞ்சுபவர் மிஞ்சினர். கூரை ஒழுகுவதைச் சொல்லக்கூட ஆள் இல்லாது போயிற்று. அரசுப் பணியாளரின் பிள்ளைகள் அரசுப் பள்ளியிலேயே படிக்க வேண்டும் என்று 2015-இலே அலகாபாத் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏழைக்குப் பாடம் சொல்லும் பள்ளிக்கு அதிகாரியின் பிள்ளை போனால், கழிவறைக்குத் தண்ணீர் தானே வரும் என்பது எளிய உண்மை. ஆனால், வழக்குமன்றம் இழுத்துத்தான் பகுத்தறிவாளரும் பள்ளிக்கு வரவேண்டுமா?

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பது மற்றொரு பழி. அதே கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவிலே நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தீட்டுவதும், வந்த பணம் செலவான விதத்தைக் கண்காணிப்பதும் அக்குழுவின் கடமை. எத்தனை தாய்மாருக்கு இது தெரியும்? கூட்டம் வேலைநாள் பிற்பகலிலே; களையெடுக்கப் போனவள் கூலியை இழந்தால்தான் வரமுடியும். இழந்து வந்தவளுக்கு ஒரு தேநீர். பதிவேட்டிலே, விரல் வைத்துக் காட்டிய இடத்திலே, ஒரு கையெழுத்து. அந்தப் பக்கத்தின் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டினோமா? அக்கறை இல்லாதவள் அரைநாள் கூலியை விட்டு வருவாளா?

பாடத் தரத்தின் கதையும் இதே. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்ததை ஒன்றாக்க 2010-இலே சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. 2011-இலே ஆட்சி மாறியதும் அதை நிறுத்தப் பார்த்தனர். வழக்கு நடந்தது, பள்ளி திறந்தும் புத்தகம் இல்லாமல் பிள்ளைகள் இருந்தனர். ஆகஸ்டு 9-ஆம் நாள் உச்சநீதிமன்றம் சமச்சீரை நடத்து என்றது. வென்றோம் என்று கைதட்டினோம். சமச்சீர் வந்ததும் தனியார் பள்ளிகள் பல மத்திய வாரியப் பலகைக்கு மாறிக்கொண்டன! பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே பன்னிரண்டுக்குத் தாவிய பள்ளிகளை அடக்க, 2017-18-இலே அவ்வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தனர். 2025-இலே வந்த மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிற்று. தேர்வு போனது பற்றி நமக்கு வருத்தமில்லை. பாடம் நடக்கிறதா என்று எல்லாப் பள்ளியிலும் ஒரே கண்ணோடு பார்ப்பவர் யார் என்பதே கேள்வி. ஏழையின் பள்ளிக்கு ஆய்வாளர். பணக்காரன் பள்ளிக்கு விளம்பரப் பலகை என்பது தரமா?

தோழர்களே, மறியல் செய்யச் சொல்லவில்லை. வருகிற சேர்க்கைக் காலத்திலே நம் பிள்ளையை, உடன்பிறந்தார் பிள்ளையை, நம் ஊர்ப் பள்ளியிலே சேர்ப்போம். சேர்த்தபின் மேலாண்மைக் குழுவின் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல், கூலிக்குப் போனவர் திரும்பிய பிறகு வைக்கச் சொல்வோம். பதிவேட்டைக் கேட்டு வாங்கி, வந்த தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு, காலியான ஆசிரியர் பணியிடம் எத்தனை என்று, கூடியிருக்கும் தாய்மார் கேட்கும்படி உரக்கப் படிப்போம். படித்து முடித்தபின் அவர்கள் கையெழுத்திடட்டும்.