ஐஸ் மழைக்கு மொழி இல்லை, எச்சரிக்கைக்கு உண்டு

டோர்ட்மண்டில் குளிர்காலம் என்றால் எங்கட சனம் முதலில் யோசிப்பது ஸ்னோவைத்தான். ஸ்னோ கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு விளையாட்டு, ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்பப் படம். ஆனால் இந்தப் பகுதியில் ஆளை விழுத்துவதிலும் கரண்ட் கம்பியை அறுப்பதிலும் அதைவிடப் பொல்லாதது ஐஸ் மழை. மேலே கொஞ்சம் சூடான காற்று, நிலத்தை ஒட்டிப் பூச்சியத்துக்குக் கீழே குளிர். மழையாக வருவது தரையிலும் மரத்திலும் கம்பியிலும் பட்டவுடன் கண்ணாடியாகிவிடும். ரூர் பகுதி எப்போதும் உறைந்து கிடக்கும் இடமல்ல. வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கும் இடம். ஐஸ் மழைக்கு அதுதான் வசதி.

இதன் முழுப் பலத்தையும் எங்கள் பக்கத்து மாவட்டங்கள் ஒருதரம் கண்டன. 2005 நவம்பர் 25, ஒரு வெள்ளிக்கிழமை. டோர்ட்மண்டுக்கு வடக்கே இருக்கும் மூன்ஸ்டர்லாண்ட் பகுதியில் ஈரமான கனத்த பனி கொட்டியது. வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நின்றதால் அந்தப் பனி உதிராமல் மின்கம்பிகளில் ஒட்டியது, உறைந்தது, கை மொத்தத்துக்குத் தடித்தது. கூடவே பலத்த காற்று. 82 உயர் அழுத்த மின்கோபுரங்கள் காகிதம் மாதிரி மடிந்து விழுந்தன. ஏறத்தாழ 2,50,000 பேர் இருட்டில் இருந்தார்கள். ஒக்ட்ரூப் என்ற சிறு நகரம் முழுக்கத் துண்டிக்கப்பட்டது. சில இடங்களுக்குக் கரண்ட் திரும்ப வரப் பல நாள் ஆனது. தொழில்நுட்ப உதவிப் படையான டேஹாவே நாடு முழுவதிலுமிருந்து ஜெனரேட்டர்களைக் கொண்டு வந்தது. பால் கறக்கும் மெஷின் ஓடாமல் விவசாயிகள் மாடுகளோடு தவித்தார்கள். பழைய கோபுரங்களில் இருந்த, காலப்போக்கில் நொறுங்கும் தன்மையடையும் இரும்பு பற்றிப் பிறகு பெரிய விவாதமே நடந்தது.

இது ஏதோ பின்தங்கிய நாட்டில் நடந்ததல்ல. ஜேர்மனியின் பெரிய மின்சாரக் கம்பெனிகள் இருக்கும் அதே மாநிலத்தில், எங்கள் வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் நடந்தது. 2021 பெப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை, பனியும் ஐஸும் சேர்ந்து வந்தபோது இந்த மாநிலத்தின் பல நகரங்களில் பஸ்ஸும் ட்ராமும் நின்றன, தூர ரயில்கள் நிறுத்தப்பட்டன. அன்றும் அடுத்த நாளும் எனக்கு வந்த போன்களில் பாதி ஒரே கேள்வி: "தம்பி, நாளைக்கு வேலைக்குப் போகலாமோ? என்ன சொல்லுறாங்கள்?" கேட்டவர்கள் எல்லாரும் முப்பது வருடமாக இங்கே இருப்பவர்கள்.

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது. எங்களுடைய வீடுகளில் இரண்டு விதமான அறிவு இருக்கிறது. ஒன்று அப்பா அம்மாவிடம், மற்றது பிள்ளைகளிடம். ஐஸ் மழை வந்தால் இரண்டும் தேவை. ஆனால் இரண்டும் ஒரே சோபாவில் இருந்துகொண்டு ஒன்றோடொன்று கதைப்பதில்லை.

முதலில் அப்பா அம்மாவின் அறிவு. 1990 நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. அது ஒரு நாள், இரண்டு நாள் கதையல்ல, வருடக்கணக்கு. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் பற்றரியும் கிடைக்காத பொருட்கள். அந்தக் காலத்தில்தான் ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். எது முதலில் பழுதாகும், எதை இன்றைக்கே சமைக்க வேண்டும், பக்கத்து வீட்டுக் கிழவிக்கு யார் தண்ணீர் அள்ளிக் கொடுப்பது என்பதெல்லாம் சொல்லாமலே நடந்தது. பேரிடர் ஆயத்தம் என்று ஜேர்மன் அரசு இன்று புத்தகம் அடித்துக் கொடுப்பதில் பாதியை எங்கட அம்மாமார் புத்தகம் இல்லாமலே செய்தார்கள்.

ஆனால் அந்த அறிவை அப்படியே இங்கே தூக்கிக்கொண்டு வர முடியாது, அதுவும் கவனிக்க வேண்டிய விஷயம். ஊரில் கரண்ட் போனால் வெளிச்சம் போகும், விறகடுப்பு எரியும். இங்கே கரண்ட் போனால் அடுப்பு போகும், வெந்நீர் போகும். கூடவே ஹீட்டரும் போகும். "எங்கட வீட்டில காஸ் ஹீட்டர்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். காஸ் வந்தாலும் தண்ணீரைச் சுற்ற வைக்கும் பம்பும் அதைக் கட்டுப்படுத்தும் கருவியும் கரண்டில்தான் ஓடுகின்றன. கொஞ்ச நேரத்தில் போன் கோபுரங்களும் ஓயத் தொடங்கும். வீட்டில் 20 கிலோ அரிசி மூட்டை இருக்கும். அடுப்பு இல்லாத வீட்டில் அதை என்ன செய்வது?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பழைய கெட்டித்தனம் புதிய வீட்டில் உயிரை எடுக்கும். ஓடு போட்ட, காற்றோட்டமான வீட்டில் கரி மூட்டியவர்கள் நாங்கள். இங்கே ஜன்னல்கள் காற்றுப் புகாமல் அடைத்தவை. அறைக்குள் கிரில் கரி எரித்தால் கார்பன் மொனொக்சைட் நிறையும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி என்று படுத்தவர் எழும்பமாட்டார். 2013 டிசம்பரில், கிறிஸ்மசுக்குச் சில நாள் முன்பு, டொரொன்டோவை ஐஸ் புயல் தாக்கியபோது சுமார் 3,00,000 மின் இணைப்புகள் அறுந்தன. எங்கட சனம் நிறைந்திருக்கும் ஸ்கார்பரோவும் தப்பவில்லை. அப்போது அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் கரியோ ஜெனரேட்டரோ வேண்டாம். அதற்கு முன் 1998 ஜனவரியில் மொன்ரியல் பக்கம் வந்த ஐஸ் புயலில் இன்னும் பல லட்சம் பேர் நடுங்கும் குளிரில் நாட்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தார்கள். குளிர் நாட்டில் கரண்ட் போவது எப்படிப்பட்டது என்று கனடாவில் இருக்கும் எங்கள் உறவுகளைக் கேட்டாலே போதும்.

இனிப் பிள்ளைகளின் அறிவு. அவர்களுக்கு ஜேர்மன் மொழி தண்ணீர் பட்ட பாடு. போனில் நீனா என்ற அரச எச்சரிக்கைச் செயலி இருக்கும். 2023 பெப்ரவரியிலிருந்து செயலி இல்லாத போனுக்கும் பெரிய ஆபத்து என்றால் சத்தத்தோடு செய்தி வரும். அந்தச் செயலியைத் துருக்கி, அரபு, உக்ரேனிய மொழிகளிலும் வைத்துக்கொள்ளலாம். தமிழில் இல்லை. ஆக அம்மாவின் போன் அலறும், அம்மா அதை அழுத்தி நிறுத்துவார். வானிலை மையம் "கிளெட்டெ" என்று சொன்னால் சாதாரண வழுக்கல், கவனமாகப் போகலாம். "கிளாட்ஐஸ்" என்று சிவப்பில் போட்டால் வெளியே இறங்காதே என்று அர்த்தம். இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் ஒரு பிள்ளை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். எத்தனை வீட்டில் அந்த ஐந்து நிமிடம் நடந்திருக்கிறது?

வழுக்கி விழுவதில்தான் எங்கள் ஆட்களுக்கு உண்மையான நட்டம். டோர்ட்மண்ட் போன்ற நகரங்களில் வீட்டுக்கு முன்னால் உள்ள நடைபாதையைத் துப்புரவாக்கும் கடமை பொதுவாக வீட்டுச் சொந்தக்காரருக்கு. வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அது குடியிருப்பவருக்கு மாறும். வழமையான நேரம் வேலை நாளில் காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணி வரை, ஞாயிறும் விடுமுறையும் என்றால் 9 மணியிலிருந்து. இப்போது யோசித்துப் பாருங்கள். ஆபீஸ் துப்புரவு வேலைக்குப் போகும் எங்கட அக்காமார் வீட்டை விட்டு வெளிக்கிடுவது எத்தனை மணிக்கு? நாலரை, ஐந்து. ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை செய்பவர் திரும்பி வருவது நடுச்சாமம். சட்டம் நித்திரையாக இருக்கும் நேரத்தில்தான் எங்கட சனம் ஐஸுக்கு மேலே நடக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் விடியப்புறம் பஸ் தரிப்பிடத்துக்குப் போகும்போது விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். டாக்டரிடம் "விழுந்திட்டன்" என்று மட்டும் சொன்னார். எங்கே, எப்போது, ஏன் போனபோது என்று சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. வேலைக்குப் போகும் வழியிலோ வேலையிலிருந்து திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்து ஜேர்மன் சட்டப்படி வேலை விபத்துக்குச் சமம். "வேகெஉன்ஃபால்" என்பது அதன் பெயர். கட்டிடத்தின் வெளிக்கதவைத் தாண்டியதும் பாதுகாப்பு தொடங்கும், மாடிப்படியில் விழுந்தால் சேராது. மினிஜொப் செய்பவருக்கும் இது உண்டு. இதற்கான காப்புறுதிப் பணத்தைக் கட்டுவது முதலாளி மட்டும்.

வித்தியாசம் சின்னதல்ல. ஆறு கிழமை முதலாளி சம்பளம் தருவார். அதற்குப் பிறகு சாதாரண நோய்க் காப்புறுதி தருவது மொத்தச் சம்பளத்தின் 70 வீதம், வேலை விபத்து என்றால் 80 வீதம். கை நிரந்தரமாகப் பழுதாகி, உழைக்கும் திறன் குறைந்தது 20 வீதம் குறைந்தால் மாத உதவித்தொகைக்கும் வழி இருக்கிறது. இதெல்லாம் கிடைக்க முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: டாக்டரிடம் "வேலைக்குப் போகும் வழியில் விழுந்தேன்" என்று சொல்வது. அதற்கென்று இருக்கும் துர்க்காங்ஸ்ஆர்ட்ஸ்ட்டிடம், அதாவது வேலை விபத்து டாக்டரிடம் அனுப்புவார்கள். முதலாளிக்கும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். "சொன்னால் வேலை போய்விடுமோ" என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் ஊரிலிருந்து கொண்டு வந்தது. இங்கே அது தேவையில்லாத சுமை.

அதேநேரம் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐஸால் பஸ் ஓடவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அந்த நேரத்துக்குச் சம்பளம் கேட்க முடியாது. வழியில் வரும் தடைக்கு வேலையாள்தான் பொறுப்பு. அதனால்தான் பலர் எலும்பு உடைந்தாலும் பரவாயில்லை என்று வெளிக்கிடுகிறார்கள். முந்தின நாளே முதலாளிக்குப் போன் எடுத்து, நேரத்தை மாற்றவோ ஒரு நாள் லீவு போடவோ கேட்பது ஆஸ்பத்திரியை விட மலிவு. அந்தப் போனை அம்மாவுக்காகப் பிள்ளை எடுக்கலாம்.

"பிள்ளைகளுக்கு நேரம் எங்கே, படிப்பும் வேலையும்" என்று சிலர் சொல்வார்கள். மூத்தவர்களோ "நாங்கள் ஷெல்லடிக்கே பயப்படேல்ல, இந்த ஐஸ் என்ன செய்யும்" என்பார்கள். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் ஷெல் வரும்போது பங்கருக்குள் ஓடத் தெரிந்ததால்தான் தப்பினோம், பயப்படாததால் அல்ல. இங்கே பங்கர் என்பது தகவல்.

கோடையில் ஹம் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறோம். கார் தரிப்பிடத்திலிருந்து அன்னதானம் வரை ஒழுங்கு செய்யத் தெரிந்த சமூகம் இது. குளிர்காலத்துக்கு என்று நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு என்ன? நான் கேட்பது மூன்று விஷயம்.

தமிழ்ப் பாடசாலைகள் நவம்பரில் ஒரு பாட நேரத்தை இதற்கு ஒதுக்கட்டும். எச்சரிக்கைச் சொற்களையும் வேலை வழி விபத்து விபரத்தையும் மாணவர்களே தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி வீட்டுக்குக் கொண்டு போகட்டும். தமிழும் படித்ததாகும், அம்மாவுக்கும் உதவும்.

சங்கங்களும் கோவில்களும் போன் சங்கிலி ஒன்று வைத்திருக்கட்டும். தனியாக இருக்கும் முதியவர்கள், இன்சுலின் போடுபவர்கள், கரண்டில் ஓடும் மருத்துவக் கருவி வைத்திருப்பவர்கள் யார் யார், அவர்களுக்கு யார் போன் எடுப்பது, போன் வேலை செய்யாவிட்டால் யார் நடந்து போய்க் கதவைத் தட்டுவது என்று முன்பே பேசி வைக்க வேண்டும்.

மூன்றாவது வீட்டுக்குள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் மெயின் சுவிட்சை மூன்று மணித்தியாலம் நிறுத்திப் பாருங்கள். டோர்ச் எங்கே என்று தேடுவீர்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 லீட்டர் தண்ணீர் என்று அரசு சொல்லும் கணக்கு உங்கள் வீட்டில் எத்தனை நாளுக்குச் சரி என்று பார்ப்பீர்கள். சமைக்காமல் சாப்பிடக்கூடியது என்ன இருக்கிறது என்றும் பார்ப்பீர்கள். எங்கட வீட்டில் அவலும் சத்துமாவும் பேரீச்சம்பழமும் மீன் டின்னும் இருந்தால் நாலு நாளைக்குச் சமாளிக்கலாம். பற்றரியில் ஓடும் ரேடியோ ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

இருட்டில் இருக்கும் அந்த மூன்று மணித்தியாலத்தில் பிள்ளைகள் கேட்கட்டும், ஜாம் போத்தல் விளக்கு எப்படிச் செய்தீர்கள் என்று. அப்பா சொல்லட்டும். பிறகு அப்பா கேட்கட்டும், இந்தப் போனில் சிவப்பாக வருவது என்ன என்று. அடுத்த ஐஸ் மழை எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. இந்தக் கதை அதற்கு முதல் நடந்து முடிய வேண்டும்.