கமா போட்டு ஒட்டாதீங்க சாமி!

பொட்டி தட்டுற மக்கா, ஒரு விஷயத்தைப் போட்டு உடைச்சிடறேன். வேகம் வேணும்னு சி மொழியில எக்ஸ்டென்ஷன் எழுதறீங்க. சந்தோஷம். பைத்தானோ பிஎச்பியோ அதைக் கூப்பிட்டு பத்து விடை கேட்டா, பத்தையும் கமா போட்டு ஒரே ஸ்ட்ரிங்கா ஒட்டி அனுப்பறீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஸ்கிரிப்ட் பக்கம் அதை மறுபடி வெட்டணும். இதுக்கு எதுக்குய்யா சி?

பட்டியல்ல 'மணப்பாறை, திருச்சி மாவட்டம்'னு ஒரு விவரம் இருந்தா, ஒண்ணு ரெண்டாயிடும். எண்ணெல்லாம் எழுத்தாயிடும். வந்தது காலிப் பட்டியலா, காலி ஸ்ட்ரிங் ஒண்ணு இருக்கிற பட்டியலான்னு தெரியவே தெரியாது.

'முழு வார்த்தையா குடுத்துடறேன், அவனே பிரிச்சுக்கட்டும்'னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. மணப்பாறை நமக்கு 5 எழுத்து. பைத்தான் 3-ல லென் போட்டா 8. யூடிஎஃப்-8-ல இருந்தா பிஎச்பியோட ஸ்டர்லென் 24-ங்கும். ஒற்று, உயிர்மெய் பார்த்து சி-ல பிரிச்ச 5 எழுத்தையும் 5 உறுப்பா அர்ரேல குடுத்தாத்தானே பிரிச்ச வேலைக்கு மரியாதை?

'அர்ரேவா அனுப்பினா கிராஷ் ஆகுதே'ங்கறது அடுத்த சாக்கு. அது அர்ரேவோட குத்தம் இல்லீங்க. மெமரி யாருக்குச் சொந்தம்னு நீங்க முடிவு பண்ணல, அவ்வளவுதான். மணப்பாறை மாட்டுச்சந்தைக்குப் போனா புரியும். கயித்தைக் கைமாத்திட்டா மாடு வாங்கினவரோடது. வித்தவரு மறுபடி போய் அவுத்துட்டு வந்தா அடிதடி. ரெண்டு பேருமே 'என்னுது இல்ல'ன்னா மாடு தெருவுல நிக்கும். முதலாவது கிராஷ், ரெண்டாவது லீக்.

கயிறு எப்பக் கைமாறுதுன்னு ஒவ்வொரு மொழியும் எழுதியே வச்சிருக்கு. பைத்தான்ல பைலிஸ்ட்_செட்ஐட்டம் உங்க ரெஃபரன்ஸை எடுத்துக்கும். அப்புறம் நீங்க டெக்ரெஃப் பண்ணக் கூடாது. பைலிஸ்ட்_அப்பெண்ட் எடுத்துக்காது, உங்க பங்கை நீங்கதான் டெக்ரெஃப் பண்ணணும். பிஎச்பி 5-ல ஆட்_நெக்ஸ்ட்_இண்டெக்ஸ்_ஸ்ட்ரிங்குக்கு நகல் எடுக்கணுமா வேண்டாமான்னு கடைசியில 0 இல்ல 1 குடுக்கணும். 2015-ல வந்த பிஎச்பி 7 அந்தத் தலைவலியையே தூக்கிட்டு, எப்பவும் நகல்தான்னு ஆக்கிடுச்சு. நம்பைல சிம்பிள்நியூஃப்ரம்டேட்டா நகல் எடுக்காது. ஃபங்ஷனுக்குள்ள அறிவிச்ச லோக்கல் அர்ரேவோட முகவரியை அதுக்கிட்ட குடுத்தா, ஃபங்ஷன் முடிஞ்சதும் அங்க குப்பைதான்.

நகல் எடுத்தா வேகம் குறையுமேன்னு கேக்கறீங்களா? ஒட்டி வெட்டறதும் நகல்தாங்க, அதுவும் ரெண்டு தடவை! சந்தேகம்னா மொழியோட சொந்த அர்ரேல நகல் எடுத்துக் குடுங்க. அளந்து பார்த்து நெஜமாவே மெதுவா இருந்தா மட்டும் மத்த வித்தையெல்லாம்.

தமிழ்ல சொல்திருத்தி, எழுத்துப் பிரிப்பான்னு எது எழுதினாலும் விடை ஒரு பட்டியலாத்தான் வரும். அதை வாங்கிப் பயன்படுத்தறவன் நடுராத்திரி கமா எண்ணிட்டு உக்காரணும்னா, நாம எழுதினது கருவி இல்ல மக்கா, தண்டனை.

மறுப்பு இருந்தா வாங்க, சண்டை போடுவோம் :-)